லா பாஸ் வானத்தில் முறிந்த விரதம்

“வீட்டில் உதவி செய்ய ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு ஜிம்னாசியம் சரிவராது.”

நான் நான்காம் வகுப்பு முடிக்கும்போது என் ஆசிரியை சொன்ன வார்த்தை இது. ஜேர்மனியில் அந்த வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் வரை போவார்கள் என்று நினைக்கும் பிள்ளைகள் ஜிம்னாசியத்துக்கு, மற்றவர்கள் வேறு பாடசாலைகளுக்கு. அன்று அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் ஜேர்மன் அவ்வளவாக விளங்காது. மொழிபெயர்த்தது ஒன்பது வயது நான். ஆசிரியை சொன்னதைக் கேட்டேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். “நான் நல்லாப் படிக்கிறனாம்” என்றேன். அப்பா எழும்பி ஆசிரியையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அப்பா யாழ்ப்பாணத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பாடசாலைக்குப் போனதே இல்லை. இங்கே அகதிகளாக வந்து, அப்பா உணவகச் சமையலறையிலும் அம்மா அலுவலகங்கள் துடைக்கும் வேலையிலுமாக என்னை வளர்த்தார்கள். நான் சுற்று வழியாக, பாடசாலை மாறி மாறி, கடைசியில் பல்கலைக்கழகம் போவதற்கான அபிட்டூர் பரீட்சை எழுதி, பான் நகரத்தில் நில அளவைப் பொறியியல் படிக்கச் சேர்ந்தேன். அதில் எனக்கு நிறையப் பெருமை. பெருமைப்படுவதில் பிழையில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெருமையோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. யாரிடமும் எதையும் கேட்க மாட்டேன். உதவி இல்லாமலே செய்து காட்டுவேன் என்று ஒரு பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் உடைந்தது போன மார்கழியில், தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரத்தில்.

என்னோடு ஒரே வகுப்பில் படித்த தோழியின் ஊர் அது. அவள் படிப்பை முடித்து இரண்டு வருடத்துக்கு முன் திரும்பிப் போய், நகரத்தின் மலைச்சரிவுகள் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்கும் வேலையில் சேர்ந்திருந்தாள். “ஒருக்கா வந்து பாரடி. நீ படத்தில படிச்ச சமவுயரக் கோடெல்லாம் இங்க வீடாய் நிக்குது” என்று வாராவாரம் கூப்பிடுவாள். நாங்கள் பேசுவது ஜேர்மனில்தான். ஆனாலும் அவள் பேச்சு எனக்கு எங்கள் வீட்டுத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

நான் இன்னும் படிப்பை முடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. வேலை செய்துகொண்டு படிப்பதால் பிந்துகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், உயர்கணிதப் பரீட்சையில் நான் இரண்டு தடவை தவறியிருந்தேன். எங்கள் துறையில் மூன்று தடவைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தவறினால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போக வேண்டும். அதே படிப்பை ஜேர்மனியில் வேறு எங்கேயும் போய்த் தொடரவும் முடியாது. ஐந்து வருட உழைப்பு ஒரு தாளோடு போய்விடும். மாசியில் என் மூன்றாவது தடவை இருந்தது. இதை நான் வீட்டிலும் சொல்லவில்லை, தோழியிடமும் சொல்லவில்லை, ஒரு உயிருக்கும் சொல்லவில்லை. பிள்ளையாருக்கு மட்டும் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் பிள்ளையார் கதை விரதம் பிடிப்பார்கள். இருபத்தொரு நாள், ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சாப்பாடு. பெண்கள் இடது கையில் இருபத்தொரு இழை நூலைக் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். நானும் கோயிலில் காப்புக் கட்டினேன். அங்கே நின்ற அக்காமார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். “நல்ல மாப்பிள்ளையாய்க் கேள் பிள்ளை, வேலை உள்ள ஆளாய்க் கேள்” என்று ஒருவர் காதுக்குள் சொன்னார். நான் மறுக்கவில்லை. அவர்கள் அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

விரதத்தின் நடுவில்தான் பயணம் வந்தது. அம்மாவுக்கு விருப்பமில்லை. “மலை நாடாம். அங்க போய் மயங்கி விழுந்தா ஆர் பாக்கிறது? விரதத்தை அடுத்த வருஷம் பிடியன்” என்றார். அடுத்த வருடம் வரை பரீட்சை காத்திருக்காது என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? “எனக்கு ஒண்டும் நடக்காது அம்மா” என்று பெட்டியை மூடினேன்.

மூன்று விமானம் மாறினேன். மேற்கே பறந்ததில் அந்த ஒரு நாள் இருபத்தொன்பது மணித்தியாலமாக நீண்டுவிட்டது. ஒரு நேரச் சாப்பாட்டை எந்த நாட்டு மணிக்குச் சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பிழை வந்துவிடும் என்ற பயத்தில் சாப்பிடாமலே இருந்துவிட்டேன். ஜேர்மனியில் வளர்ந்து, செய்மதியை வைத்து நிலம் அளக்கப் படிக்கும் பெண் செய்கிற வேலையா இது என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

விமான நிலையம் நகரத்துக்கு மேலே, நாலாயிரம் மீற்றர் உயரத்தில், தட்டையான மேட்டு நிலத்தில் இருக்கிறது. டாக்சி ஒரு வளைவில் திரும்பியதும் நிலம் சட்டென்று முடிந்துவிட்டது. கீழே மிகப் பெரிய ஒரு கிண்ணம். அதன் உட்சுவர் முழுக்க, அடியிலிருந்து விளிம்பு வரை, பூசாத செங்கல் வீடுகள். ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்கு நேரே இருந்தது. வரைபடத்தில் மெல்லிய கோடுகளாக நான் ஆயிரம் தடவை பார்த்த உயரங்கள் இங்கே ஆட்கள் உடுப்புக் காயப்போடும் மாடிகளாக அடுக்கி நின்றன. “நான் சொன்னனான்தானே” என்று, என்னைக் கூட்டிப்போக வந்திருந்த தோழி பக்கத்திலிருந்து இடித்தாள்.

அவள் வீட்டில் கொக்கா இலைத் தேநீர் ஊற்றித் தந்தாள். உயரத்தால் வரும் தலைச்சுற்றுக்கு அங்கே எல்லோரும் குடிப்பது அதைத்தான். நான் வாங்கவில்லை. விரதம் என்றேன். எங்கள் வீட்டுக்கு வந்து பழகியவள் என்பதால் விரதம் என்னவென்று அவளுக்குத் தெரியும். “இந்த உயரத்திலயா?” என்று மட்டும் கேட்டாள். இரவு கொஞ்சம் சோறும் பருப்பும் சாப்பிட்டேன். அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. அதை அவளுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பிற்பகல் நகரத்தைக் காட்டுகிறேன் என்று கேபிள் காருக்குக் கூட்டிப்போனாள். லா பாஸில் அது சுற்றுலாவுக்காக ஓடுவது இல்லை. எங்களுக்குப் பஸ் மாதிரி அவர்களுக்கு அது. பத்துப் பேர் இருக்கக்கூடிய பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓயாமல் வந்துகொண்டிருந்தன. எங்கள் பெட்டியில் இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். டை கட்டிய வயதான ஒருவர், பல்கலைக்கழகப் பைகளோடு இரண்டு பெண்கள், பிறகு ஒரு அம்மா. அடுக்கடுக்கான அகலப் பாவாடை, இரட்டைப் பின்னல், தலையில் உருண்டைக் கறுப்புத் தொப்பி, முதுகில் வண்ணத் துணி மூட்டை, கையில் பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல். மேலே சந்தையில் விற்கப் போகிறாராம்.

பெட்டி ஏறியது. காலுக்குக் கீழே தெருக்கள், காற்பந்துத் திடல், ஒரு பாடசாலை முற்றம், கூரையில் படுத்திருந்த நாய் எல்லாம் கடந்து போயின. எனக்குத் தலைக்குள் ஒரு இரைச்சல் தொடங்கியிருந்தது. அழகைப் பார்க்கிறேன், அதனால்தான் நெஞ்சு அடிக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் வானம் கறுத்தது. மலைக்குப் பின்னாலிருந்து ஒரு மின்னல் வெட்டியது. பெட்டி மெதுவாகி, நின்று, முன்னும் பின்னும் ஆடியது. மின்னல் வந்தால் பாதுகாப்புக்காக நிறுத்துவார்கள் என்று தோழி சொன்னாள். மற்றவர்கள் சாதாரணமாகக் கைபேசியை எடுத்தார்கள். டை கட்டியவர் மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை விநாடி என்று வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். பிறகு ஆலங்கட்டி மழை. கண்ணாடியெல்லாம் கல் எறிவதுபோல் சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. கை விரல்கள் மரத்தன. பார்வையின் ஓரம் இருண்டு, இருட்டு நடுவை நோக்கி வந்தது.

நான் இருக்கையிலிருந்து சரிந்தது எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது என் தலை அந்தத் தொப்பி அம்மாவின் பாவாடை மடியில் இருந்தது. இரண்டு மாணவிகளும் எழுந்து நின்று எனக்கு முழு இருக்கையையும் விட்டிருந்தார்கள். டை கட்டியவர் சின்னச் சன்னலைத் திறந்து, அது மூடாமல் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலங்கட்டி அவர் சட்டைக் கைக்குள் விழுந்தது. தோழி பெட்டியிலிருந்த அவசரப் பொத்தானை அழுத்தி யாருடனோ கத்திக்கொண்டிருந்தாள். மேல் நிலையத்தில் ஒட்சிசன் வைத்திருக்கிறார்களாம். ஆனால் மின்னல் ஓயும் வரை கம்பியை ஓட்ட முடியாதாம். “நகம் நீலமாய்க் கிடக்கு, நகம் நீலமாய்க் கிடக்கு” என்று என் கையைத் தேய்த்தாள். அவள் குரலில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த அம்மா போத்தலைத் திறந்தார். கறுவாவும் கராம்பும் மணந்தன. ஊதா நிறச் சோளத்தில் காய்ச்சிய கஞ்சி மாதிரி ஒரு சூடான பானம். தன் கோப்பையில் ஊற்றி, முதலில் சில துளிகளைப் பெட்டியின் தரையில் சிந்திவிட்டு, என் வாயருகே கொண்டு வந்தார். நான் வாயை இறுக்கி மூடினேன். கையிலிருந்த காப்பைக் காட்டித் தலையாட்டினேன். இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இப்போது விட்டால் பரீட்சையும் போய்விடும் என்று, அரை மயக்கத்தில் என் மூளை அந்த ஒரு கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் மறுபடி நீட்டினார். நான் முகத்தைத் திருப்பினேன். அவர் கோப்பையை மெதுவாகத் தாழ்த்தி, தோழியிடம் ஏதோ கேட்டார். தோழி உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் பார்த்ததும் சொன்னாள்.

“தன்ர கோப்பை ஊத்தை எண்டு நினைக்கிறாயோ எண்டு கேக்கிறா. தங்கட ஆக்களின்ர கையால முந்தி நகரத்து ஆக்கள் வாங்கிக் குடிக்க மாட்டினமாம்.”

என் அப்பா சின்ன வயதில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைக்குப் போனால் வெளியிலேதான் நிற்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கென்று கடையின் பின்பக்கம் தனியாக ஒரு தகரப் பேணி தொங்கும். குடித்துவிட்டுத் தாங்களே கழுவி மாட்ட வேண்டும். பாடசாலையிலும் இருக்கையைத் தள்ளிப் போட்டபடியால்தான் அவர் இரண்டாம் வகுப்போடு நின்றார். இதை அவர் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் முகத்தைப் பார்க்காமல். அந்த மனிதனின் மகள் நான். உலகத்தின் மறுபக்கம் வந்து, என்னை மடியில் வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கோப்பையைப் பார்த்து முகம் திருப்பியிருக்கிறேன்.

நான் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினேன். அவரும் பிடித்துக்கொண்டார். முழுவதையும் குடித்தேன். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தேன். மூட்டையிலிருந்து ஒரு பாண் ரொட்டியை எடுத்துப் பிய்த்து, நனைத்து, ஊட்டினார். சாப்பிட்டேன். ஏன் தரையில் ஊற்றினார் என்று தோழியிடம் கேட்டேன். எதைக் குடித்தாலும் முதல் துளி பூமிக்காம். பூமி எங்களுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. ஆனாலும் அவர் கொடுத்திருந்தார்.

முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியதும் தோழி என் முன்னால் முழங்காலில் இருந்து கேட்டாள். “இப்ப சொல்லு. உயிர் போற அளவுக்கு அப்பிடி என்ன நேர்த்தி?”

பொய் சொல்லவும் பலம் வேண்டும். எனக்கு அப்போது அது இருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தடவை, வீட்டுக்குத் தெரியாதது எல்லாம். அவள் கட்டியணைப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்க் கண்ணாடிப் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு திரும்பிக் கத்தினாள்.

“ரெண்டு வருஷமாய் நான் ஒவ்வொரு கிழமையும் உனக்கு ஃபோன் எடுக்கிறன்! அந்தப் பரீட்சையில எனக்கு என்ன புள்ளி வந்தது எண்டு உனக்குத் தெரியுமோ தெரியாதோ? யானைத்தலைக் கடவுளிட்டக் கேட்டனி, என்னட்டக் கேக்கேல்லை. அவருக்கு வகையீட்டுச் சமன்பாடு தெரியுமே?”

ஜேர்மன் ஒரு சொல்லும் விளங்காத மாணவிகள் இருவரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். தொப்பி அம்மா என்ன சண்டை என்று கேட்டார். தோழி சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்த சிரிப்பில் என் தலை அவர் மடியில் குலுங்கியது. பிறகு நானும் சிரித்தேன், அழுதேன், எது முதலில் வந்தது என்று தெரியாது.

அந்தச் சிரிப்புக்குள் ஆலங்கட்டிச் சத்தம் நின்றிருந்தது. மாணவிகளில் ஒருத்தி கண்ணாடியைத் துடைத்தாள்.

சிவப்பு நகரம் காணாமல் போயிருந்தது. செங்கல் கூரைகள், மாடிகள், படிக்கட்டுகள், தெருக்கள் என்று அந்தக் கிண்ணம் முழுக்க ஒரே வெள்ளை. அதன் நடுவில் கம்பிகளில் பெட்டிகள் அசையாமல் மணிபோலத் தொங்கின. மேகம் கிழக்குப் பக்கம் கிழிந்தது. அதற்குள்ளிருந்து பனிமலை ஒன்று மெல்ல வெளியே வந்தது. ஆறாயிரம் மீற்றருக்கும் மேல் உயரம் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். தெரிந்து என்ன? மேகம் கிழியக் கிழிய மலை முடியவே இல்லை. இதுதான் உச்சி என்று நினைத்தால் அதற்கு மேலே இன்னும் மலை. மாலை வெயில் பட்டு அதன் பனி இளஞ்சிவப்பானது. அதைத் தினமும் பார்க்கிற ஆட்கள்தான் எங்கள் பெட்டியில் இருந்தவர்கள். அவர்களும் மலையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. டை கட்டியவர் நனைந்த கையை இன்னும் சன்னலில் வைத்தபடியே நின்றார். அவ்வளவு பெரியதற்கு முன்னால், இரண்டு வருடமாக நான் கட்டிக் காத்த வெட்கம் இருக்கிற இடமே தெரியவில்லை.

கம்பி ஓடத் தொடங்கியது. நிலையத்தில் ஒட்சிசன் கொடுத்து, ஒரு மணித்தியாலம் படுக்க வைத்தார்கள். நான் எழுந்து பார்த்தபோது தொப்பி அம்மா போய்விட்டார். வியாபாரம் பிந்திவிட்டதாம். “அவளுக்கு நாளைக்கு சூப் குடு, வாதாடினா வாயைத் திறந்து ஊத்து” என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மிச்ச விடுமுறை எப்படிப் போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். காலையில் சமையலறை மேசையில் உயர்கணிதம், பிற்பகலில் நகரம். தோழி பொல்லாத ஆசிரியை. மூன்றாம் நாள் அவள் பேனையை மேசையில் போட்டாள். “நீ இதில பிழை விடேல்லை. இதுக்கு முதலே ஒரு படி உனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.” உண்மைதான். பாடசாலை மாறியபோது ஒரு பகுதி எனக்குக் கிடைக்காமலே போயிருந்தது. அது இல்லாமல்தான் மேலே மேலே கட்டியிருக்கிறேன். அவள் அதை விளங்கப்படுத்த நாற்பது நிமிடம் எடுத்தது. அந்த நாற்பது நிமிடத்தைக் கேட்பதற்கு எனக்கு இரண்டு வருடம் போயிருக்கிறது.

திரும்பி வந்த அன்றே வீட்டில் சொன்னேன். அம்மா முதலில் கேட்டது, “அப்ப விரதம் மாப்பிள்ளைக்கு இல்லையோ?” அவருக்குப் பெரிய ஏமாற்றம். விரதம் முறிந்த கதையைச் சொன்னதும், “உயிர் போற இடத்தில பிள்ளையார் என்ன, சட்டமே படிக்கிறவர்?” என்று தானே கத்தரிக்கோல் எடுத்துவந்து காப்பை வெட்டினார். அப்பா கோப்பையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மூண்டாம் தரம் எண்டா என்ன பிள்ளை? நான் கார் லைசென்ஸ் அஞ்சாம் தரம்தான் எடுத்தனான். கொம்மாவுக்கு இண்டைக்கு வரைக்கும் ரெண்டாம் தரம் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன்.” அம்மா சமையலறைக்குள் இருந்து, “எனக்கு எல்லாம் தெரியும்” என்றார்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தோற்றாலும் இனி அதை மறைத்து வைத்துக்கொண்டு தனியாக இருக்க மாட்டேன் என்பது மட்டும் தெரியும். பெயர் கூடத் தெரியாத ஒரு பெண், வானத்தில் தொங்கிக்கொண்டு, எனக்குப் பிறர் கையால் வாங்கவும் கற்றுக்கொள்ளலாம் என்று காட்டிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை, ஐந்து வருடத்தில் முதல் தடவையாக, பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், எனக்கு விளங்காத பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.